அனுஷத்துக்குப் போட்ட சரிக்குறி

சில வருடங்களுக்கு முந்தைய அந்த மாலை, பல்கலைக்கழக மொட்டைமாடியில் இருந்தவர்கள் மூன்று பேர்: நான், ஆய்வுகூடத்தில் கருவிகள் திருத்தும் பஸீர் நானா, என் அப்பா. என்னோடு வேலை செய்த தர்ஷிகா இருந்திருக்க வேண்டும், இல்லை. தங்கையின் கலியாணத்துக்கு யாழ்ப்பாணம் போயிருந்தாள். பொறுப்பாளரும் இல்லை, அப்பா வருவதை அவரிடம் நான் சொல்லவுமில்லை. மூன்று கிழமையாகத் தவறாமல் வந்துகொண்டிருந்த மேகமும் அன்று வரவில்லை.

இந்தக் கிழமையோடு என் தற்காலிக வேலை முடிகிறது. முப்பத்தொரு வயதில் ஓய்வுபெற்றவன் என்று கன்டீனில் கேலி செய்கிறார்கள். வத்தேகமப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் விஞ்ஞானம் படிப்பிக்கப் போகிறேன். மாடிக் கதவின் திறப்பையும் பதிவுக் கொப்பியையும் எனக்குப் பின் வரும் உங்களிடம் தந்துவிட்டுப் போகும்போது கருவியை எப்படி இயக்குவது என்று எழுதி வைப்பதுதான் வழக்கம். அதெல்லாம் அலுமாரியில் இருக்கும் கோப்பில் இருக்கிறது. கோப்பில் இல்லாத ஒன்றை இங்கே எழுதுகிறேன்.

எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் முடித்த முதல் ஆள் நான். அப்பா தேயிலைத் தோட்டத்தில் செடிகளைக் கவ்வாத்து வெட்டுபவர், அம்மா கொழுந்து எடுப்பவர். வெளிச்சத்தைப் பற்றி எனக்கு முதலில் சொல்லித் தந்தது புத்தகம் இல்லை. நாங்கள் இருந்த லய வீட்டுக்குப் பின்னால் அம்மா போட்டிருந்த போஞ்சிப் பாத்தியில், குருவி விரட்ட ஒரு பழைய சீடியைக் கட்டித் தொங்கவிட்டிருந்தோம். வெயில் பட்டால் அதில் நிறங்கள் இடைவெளி இல்லாமல் பட்டையாக விழும். அதே சீடியை ஒருநாள் கடை டியூப்லைட்டுக்குக் கீழே பிடித்துப் பார்த்தேன். நிறங்கள் துண்டு துண்டாக நின்றன, இடையில் இருட்டு. இரண்டும் வெள்ளை வெளிச்சம்தானே, ஏன் ஒன்று பட்டை, ஒன்று துண்டு என்று யாரிடம் கேட்பது எனத் தெரியாமல் நாலைந்து வருடம் அந்தக் கேள்வியை வைத்துக்கொண்டு திரிந்தேன். பிறகுதான், ஒவ்வொரு வாயுவும் தனக்கென்று சில நிறங்களை மட்டுமே விடும், அந்த நிறங்களின் இடம் எங்கே போனாலும் மாறாது என்று படித்தேன். நட்சத்திரத்துக்குப் போகாமலே அதில் என்ன இருக்கிறது என்று சொல்வது இதனால்தான்.

மாடியில் உள்ள தொலைநோக்கியின் பின்னால் பூட்டியிருக்கிறதே கறுப்புப் பெட்டி, அது பஸீர் நானா செய்தது. நட்சத்திரத்தின் வெளிச்சத்தை ஒரு மெல்லிய பிளவு வழியே உள்ளே விட்டு நிறங்களாகப் பிரித்துக் கமராவில் விழுத்தும். அதைக் கொண்டு இரண்டு பருவங்களாகத் தர்ஷிகாவும் நானும் பார்த்தது ஒரே ஒரு நட்சத்திரத்தை. விருச்சிகத்தின் தலையில் வரிசையாக மூன்று இருக்கும், அனுஷம் என்று நம் ஆட்கள் சொல்வது. அதில் நடுவில் இருப்பது. அது வெகு வேகமாகச் சுழல்வதால் இடுப்பிலிருந்து வாயு வெளியே வீசப்பட்டு வளையமாக நிற்கிறது. அந்த வளையத்து ஹைட்ரஜன் ஒரு சிவப்புக் கோடாகத் தெரியும். கோடு தடித்தால் வளையம் பெருகுகிறது. தன் இடத்தைவிட்டுச் சிவப்பின் ஓரத்துக்கு நகர்ந்தால் நட்சத்திரம் எங்களைவிட்டு விலகுகிறது, நீலப் பக்கம் வந்தால் நெருங்குகிறது.

தர்ஷிகாவுக்கு அது வெறும் கோடு இல்லை. வெளிநாட்டுப் பல்கலைக்கழகம் ஒன்றில் கலாநிதிப் பட்டத்துக்கு விண்ணப்பித்திருந்தாள். நேர்முகத்தில் காட்ட அவளிடம் இருந்தது இந்த மாடியில் எடுத்த நிறமாலை வரிசை மட்டுமே. பெரிய கருவி வைத்திருப்பவர்களோடு போட்டி போட எங்களிடம் இருந்த ஒரே பலம், விடாமல் பார்த்தது. யாழ்ப்பாணம் போகும்போது என்னிடம் சொல்லிவிட்டுத்தான் போனாள்.

"நான் வாறதுக்குள்ள ஒரு நாளாவது வானம் வெளிக்கும். விட்டிடாதையும். ஒரு மாலை போதும், வரிசை முடிஞ்சிடும்."

"நீங்க கலியாணத்தப் பாருங்க. மழைய நான் பாத்துக்கிறேன்."

"நீர் மழையைத்தான் பாப்பீர், அதுதான் பயமாக் கிடக்கு."

பெட்டிக்குள் ஒரு மயிரிழை அசைந்தாலும் கோடும் அசையும். அப்போது அசைந்தது நட்சத்திரமா, பெட்டியா? அதைப் பிடிக்கத்தான் நியோன் விளக்கு. படம் எடுப்பதற்கு முன் ஒருமுறை விளக்கைப் போட்டு அதன் கோடு எங்கே விழுகிறது என்று குறித்துக்கொள்வோம். எடுத்து முடிந்தபின் இன்னொருமுறை போட்டு, அதே இடத்தில் உட்காருகிறதா என்று திரையில் பார்ப்போம். உட்கார்ந்தால் கொப்பியில் ஒரு சரிக்குறி. இரண்டாவது விளக்கைப் படமாகச் சேமிப்பதில்லை, கணினியில் இடம் இல்லை. ஆகவே அதற்கு ஒரே சாட்சி அந்தச் சரிக்குறிதான்.

இதில் எனக்கொரு பழக்கம் இருந்தது. மாலை முடியும்போது பனி பட்டுக் கொப்பி நனைந்திருக்கும். ஈரத்தாளில் பேனை ஓடாது, கிழியும். அதனால் தொடங்கும்போதே 'முன் விளக்கு', 'பின் விளக்கு' இரண்டு கட்டத்திலும் சரி போட்டுவிடுவேன். எப்படியும் செய்யத்தானே போகிறேன்.

அன்று மத்தியானம் வானம் கழுவி விட்டதுபோல் வெளித்தது. அதே நாள் அப்பா முழங்காலுக்கு மருந்து எடுக்கக் கண்டி ஆஸ்பத்திரிக்கு வந்திருந்தார். என் வேலையிடத்தை அவர் பார்த்ததே இல்லை. போன் எடுத்து, சாயந்திரம் வரைக்கும் இருங்க, ஒன்று காட்டுகிறேன் என்றேன். வெளியாட்களை மாடிக்கு ஏற்ற அனுமதி வேண்டும். நான் கேட்கவில்லை. பின்படி வழியாகக் கூட்டிக்கொண்டு போனேன். சாரம், மேலே கோட், கையில் மருந்துப் பை. ஒவ்வொரு படியிலும் நின்று நின்று ஏறினார்.

பஸீர் நானா பெட்டியைத் தொலைநோக்கியோடு பிடிக்கும் பூட்டாணியை இறுக்கிக்கொண்டிருந்தார். கட்டுகஸ்தோட்டைக்காரர், யார் வந்தாலும் உபசரிப்பவர்.

"ஒங்கட வாப்பாவா? வாங்க, வாங்க. இந்தக் கதிரையில இரிங்க. மகன் ஒங்களுக்கு வானத்த எறக்கிக் காட்டப் போறாராம்."

"எறக்க வேணாங்க," என்றார் அப்பா. "ஏறி வந்ததே போதும்."

இருட்டியது. விளக்கைப் போட்டேன், குறித்தேன், இரண்டு கட்டத்திலும் சரி போட்டேன். நட்சத்திரத்தைப் பிளவில் கொண்டுவந்து நிறுத்தினேன். படம் எடுக்கத் தொடங்குமுன் அப்பாவைக் கூப்பிட்டேன்.

"இதுதான்ப்பா அனுஷம். ஒங்க நட்சத்திரம்."

அவர் குனிந்து, பிளவைப் பார்க்கும் பக்கக் கண்வில்லையில் கண்ணை வைத்தார். முழங்கால் தாங்கவில்லை. விழாமலிருக்க ஒரு கையை எதன் மேலோ ஊன்றினார். அது பெட்டி என்பதை நான் பார்த்தேன். எடுங்க என்று சொல்லவில்லை. ஐம்பத்தெட்டு வயதில் ஒரு மனிதர் தன் நட்சத்திரத்தை முதல்தடவை பார்க்கும்போது கையை எடுங்க என்று எப்படிச் சொல்வது?

"இம்புட்டுத்தானா?" என்றார். பிறகு கண்ணை எடுக்காமலே, "கோயில்ல அய்யரு ஒவ்வொரு வருசமும் பேரச் சொல்லி, அனுஷம்னு சொல்லுவாரு. நான் அண்ணாந்து பாத்ததே இல்ல தம்பி. தரையப் பாத்தே வேல."

"இந்த வெளிச்சம் அங்கேருந்து பொறப்பட்டு நானூறு வருசத்துக்கு மேல ஆவுதுப்பா. இப்பத்தான் ஒங்க கண்ணுக்கு வருது."

"நானூறா." அவர் கணக்குப் பார்த்தார். "அப்ப நம்ம ஆளுக கப்பலேறி இந்த மலைக்கு வாறதுக்கும் முந்தி."

"ஆமா."

"அதுல என்னா இருக்குன்னு நீ எப்பிடிக் கண்டுபிடிப்ப? போய்ப் பாத்தவுக இருக்காகளா?"

"வர்ற நெறத்த வச்சுத்தான்."

"ஓ. தேத்தண்ணிச் சாயத்தப் பாத்துட்டு, இது எந்த மலைக் கொழுந்துன்னு டீமேக்கர் சொல்லுவாரே, அது மாரி."

இதைவிட நன்றாக நான் எந்தச் செய்முறை வகுப்பிலும் சொன்னதில்லை. நீங்களும் அதை வகுப்பில் சொல்லிக்கொள்ளலாம்.

அவர் எழுந்தபின் பார்த்தால் நட்சத்திரம் பிளவிலிருந்து சற்று விலகியிருந்தது. காற்றாக இருக்கும் என்று திரும்பவும் நடுவில் கொண்டுவந்தேன். நாலு படம் எடுத்தேன். நாலாவது முடியும்போது மகாவலி ஆற்றுப் பக்கமிருந்து தூறல் வந்தது. அப்பா மணியைக் கேட்டார். வத்தேகமவுக்குக் கடைசி பஸ், அதை விட்டால் தோட்டத்துக்குப் போக வழியில்லை. தார்ப்பாயை இழுத்து மூடினேன்.

"பின் வெளக்கு போடல்லியா தம்பி?" என்றார் பஸீர் நானா.

அதற்கு மூன்று நிமிடம் வேண்டும். அப்பா அந்தப் படிகளில் இறங்க எவ்வளவு நேரம் எடுப்பார் என்று மனதுக்குள் ஓடியது.

"சரி போட்டாச்சு நானா," என்றேன். பொய் இல்லை, சரி போட்டுத்தான் இருந்தது. அவர் என்னை ஒருமாதிரிப் பார்த்துவிட்டுத் தார்ப்பாயின் மறு முனையைப் பிடித்தார்.

பஸ் கிடைத்தது. ஜன்னலால் அப்பா கைகாட்டினார். நனைந்துகொண்டே திரும்பி வந்தேன். அந்த வருடத்தில் அவ்வளவு சந்தோஷமாக நான் நடந்ததில்லை.

தர்ஷிகா பலகாரப் பெட்டியோடு வந்தாள். அதைப் பிரிக்கும் முன் கணினியைத் திறந்தாள். ஒரு மணித்தியாலம் கழித்து என்னைக் கூப்பிட்டாள். கோடு சிவப்புப் பக்கம் நகர்ந்திருந்தது. சின்ன நகர்வு இல்லை, நொடிக்கு நூறு கிலோமீற்றருக்கும் மேலே விலகிப் போவதுபோல.

"அதுக்கொரு சோடி நட்சத்திரம் இருக்கெல்லோ. அது கிட்ட வந்து இழுக்குதோ? ஒருத்தரும் இப்ப எதிர்பார்க்கேல்லை." கொப்பியைப் புரட்டினாள். "பின் விளக்கு பாத்தனீர்தானே? ஓம், போட்டிருக்கிறீர்."

நான் தலையாட்டினேன்.

ஏன் என்று கேட்பீர்கள். விளக்குப் போடவில்லை என்று சொன்னால் ஏன் போடவில்லை என்ற கேள்வி வரும். அதற்கான பதிலில் அப்பா வருவார். சாரத்தோடு, மருந்துப் பையோடு. தோட்டத்து ஆளொருவன் வந்து கருவியைக் கெடுத்துவிட்டான் என்று இந்தக் கட்டடத்தில் யாரும் சொல்லிவிடக்கூடாது என்று நினைத்தேன். அப்படி யாரும் சொல்லவில்லை; சொல்லியிருக்கவும் மாட்டார்கள். என் காதுக்கு மட்டும் கேட்டது.

பதினொரு நாள் போயிற்று. அவள் அந்தப் படத்தைத் தன் விளக்கத்தின் கடைசிப் பக்கத்தில் போட்டாள். நேர்முகம் ஒன்லைனில், அடுத்த நாள் காலை பத்து மணிக்கு. அன்று பின்னேரம் நாலு மணிபோல நான் தனியாக அதே படத்தைத் திறந்தேன். ஏன் திறந்தேன் என்று எனக்குத் தெரியும். சிவப்புக் கோட்டைப் பார்க்கவில்லை. அதன் இரண்டு பக்கமும் மெல்லிய கறுப்புக் கீறல்கள் இருக்கும், நாங்கள் ஒருபோதும் கவனிக்காதவை. அவை நட்சத்திரத்தின் கோடுகள் அல்ல. வெளிச்சம் நானூறு வருடம் வந்து கடைசியில் எங்கள் தலைக்கு மேலுள்ள ஈரக்காற்றைக் கடக்கும்போது, அந்த நீராவி போடும் கீறல்கள். நட்சத்திரம் எங்கே ஓடினாலும் அவை அசையக் கூடாது, ஏனென்றால் அவை இங்கேயே இருக்கிற தண்ணீர்.

அவையும் அசைந்திருந்தன. சிவப்புக் கோடு எவ்வளவோ அவ்வளவு.

போனில் சொல்லலாம். சொன்னால் வைத்துவிடுவாள், அவள் முகத்தை நான் பார்க்க வேண்டியதில்லை. அதனாலேயே பஸ் ஏறிக் கெலிஓயாவுக்கு, அவள் தங்கியிருந்த போர்டிங்குக்குப் போனேன். மழையில் நின்றவனை உள்ளே கூப்பிட்டு, முன் அறையில் உட்கார வைத்தாள்.

"என்ன, பேயறைஞ்ச மாதிரி நிக்கிறீர்?"

"தண்ணிக் கோடும் நகந்திருக்கு."

அவளுக்கு விளக்கம் தேவைப்படவில்லை. மடிக்கணினியைத் திறந்து பார்த்தாள். நட்சத்திரம் ஓடவில்லை என்பதைக் கண்டுகொள்ள அவளுக்கு ஒரு நிமிடம்கூட ஆகவில்லை.

"அப்ப பின் விளக்கு?"

"போடல. எங்கப்பா வந்திருந்தாரு. பாக்கும்போது பெட்டில கைய ஊண்டுனாரு. பொறகு அவருக்குக் கடைசி பஸ்ஸு."

"கொப்பியில சரி கிடக்கு."

"முன்னாடியே போட்டுருவேன். எப்பவும்."

"எப்பவுமோ?"

அந்த ஒரு சொல்லில்தான் நான் செய்தது எனக்கு முழுதாக விளங்கியது. அதுவரை ஒரு மாலையைப் பற்றித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

"எத்தினை மாலை நீர் தனிய எடுத்தனீர்?"

"ஒம்பது. இதோட சேத்து."

"மற்ற எட்டிலயும் கடைசியில விளக்குப் போட்டனீர் எண்டு சத்தியம் பண்ணுவீரோ?"

போட்டிருப்பேன். போட்டேன் என்றுதான் நினைவு. ஆனால் மழை வந்த நாட்கள் இருந்தன, களைத்த நாட்கள் இருந்தன. சரிக்குறிகள் ஒன்பதும் ஒரே மாதிரி இருந்தன.

"முடியாது," என்றேன்.

அவள் மடிக்கணினியை மூடினாள். பிறகு கேட்டாள், "அப்பா பாத்திட்டு என்ன சொன்னவர்?"

சொன்னேன். கப்பலையும் சொன்னேன், தேத்தண்ணிச் சாயத்தையும் சொன்னேன். அவள் சிரிக்கவில்லை.

"அவர் பாத்தது பிழையில்லை, கை வைச்சதும் பிழையில்லை. அந்தக் கட்டத்தை நீர் சும்மா விட்டிருந்தா நான் அண்டைக்கே தண்ணிக் கோட்டைப் பாத்திருப்பன். அதை வைச்சுத் திருத்தியும் இருப்பன். நீர் சரி எண்டு போட்டபடியால நான் பாக்கேல்லை." கதவைத் திறந்துவிட்டாள். "போம். எனக்கு விடியிறதுக்குள்ள வேலை இருக்கு."

மறுநாள் நேர்முகத்தில் ஒன்பது மாலைகளையும் நீக்கிவிட்டு மீதிப் பதினான்கை மட்டும் காட்டினாள். ஏன் என்று கேட்டதற்கு, பதிவு நம்பத்தக்கதல்ல என்று சொன்னாளாம். யாருடைய பதிவு என்று சொல்லவில்லை. பருவத்தின் பின்பாதி முழுக்க அந்த ஒன்பதில்தான் இருந்தது. வளையம் தடித்துவந்த கதை பாதியில் நின்றது. வரிசையை முழுமையாக்கிக்கொண்டு அடுத்த வருடம் வாருங்கள் என்று மரியாதையாகக் கடிதம் வந்தது.

பிறகு இருவருமாக ஒன்பதையும் தண்ணீர்க் கோடுகளை வைத்துச் சரிபார்த்தோம். இரண்டு கிழமை ஆயிற்று. எட்டு மாலைகளில் பெட்டி ஒரு இழைகூட அசையவில்லை. எல்லாம் நல்ல படங்கள். பூட்டாணியில் ஒரு திருகாணி அரைச் சுற்றுத் தளர்ந்திருந்ததைப் பஸீர் நானா கண்டுபிடித்து, "ஒங்கட வாப்பா வந்ததால தெரிய வந்திச்சு," என்று சொல்லி மாற்றினார். அந்த மனிதர் அன்றைய என் பதிலைப் பற்றி இன்றுவரை ஒரு சொல் சொன்னதில்லை.

அடுத்த பருவம் முழுக்க அவளும் நானும் மாடியில் இருந்தோம். வெளித்த மாலையெல்லாம் பார்த்தோம், வெளிக்காத மாலைகளில் தார்ப்பாய்க்குக் கீழே காத்திருந்தோம். கடைசியில் விளக்கைப் போட்டு, ஈரத்தாள் கிழியக் கிழிய, நானே சரி போட்டேன். பேனை ஓடாத நாட்களில் தன் சீலைத் தலைப்பால் தாளைத் துடைத்துத் தருவாள். அந்த வருடம் அவளுக்கு இடம் கிடைத்தது, போனாள்.

அவள் இருக்கும் ஊர் வடக்கே வெகு தூரம். அங்கே அனுஷம் வானத்தின் அடி ஓரத்தில் வீட்டுக் கூரைகளைத் தொட்டுக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றுவிட்டு மறையுமாம். எங்களுக்குத் தலைக்கு மேலே ஏறி வருவதை அவள் அங்கே எட்டிப் பார்க்க வேண்டியிருக்கிறது. ஆனி மாதம் வந்தால் ஒரு குறுஞ்செய்தி வரும்: "வெளிச்சிருக்கோ?" மழை என்று பதில் போடுவேன். அநேகமாக மழைதான். வெளித்த நாளில் படம் எடுத்து அனுப்புவேன். வளையம் இன்னும் இருக்கிறது என்று எழுதுவாள். வேறொன்றும் நாங்கள் எழுதுவதில்லை.

அப்பா தோட்டத்தில் எல்லோரிடமும் சொல்லி வைத்திருக்கிறார், என் மகன் என் நட்சத்திரத்தைப் பார்க்கிற வேலை செய்கிறான் என்று. நடந்தது அவருக்குத் தெரியாது. சொல்லப் போவதும் இல்லை.

உங்கள் அப்பா அம்மாவைக் கூட்டி வாருங்கள். அனுமதி கேட்டால் தருவார்கள்; நான் பிறகு கேட்டுப் பார்த்தேன். முழங்கால் வலித்தால் ஊன்றிக்கொள்ள அந்தக் கதிரையைப் பக்கத்தில் போடுங்கள். விளக்குப் போட நேரமில்லையா, போடாதீர்கள். கட்டத்தைக் காலியாக விட்டால் போதும். காலிக் கட்டத்தைப் பார்ப்பவர் வேறு வழி தேடிக்கொள்வார். சரிக்குறியைப் பார்த்தவர் தேடமாட்டார்.

கூட்டிப் பார்த்தால் இவ்வளவுதான். இருபத்து மூன்று மாலைகளில் பழுதானது ஒன்று, வீசப்பட்டவை ஒன்பது. அப்பா தொலைநோக்கியில் கண் வைத்திருந்தது ஒரு நிமிடத்துக்கு மேல் இராது. அதற்குத் தர்ஷிகா கொடுத்தது ஒரு வருடம். அந்த வருடம் அவள் என்னோடு இந்த மாடியில் இருந்தாள் என்பதால், எனக்கு அது செலவா வரவா என்று எழுதக் கை வரவில்லை. அந்தக் கட்டத்தைக் காலியாக விடுகிறேன்.